காட்டு வழிக்கு எந்த இடங்காட்டி: கைச்சுற்றா, சூரியனா, பட்டரியா?

என் மேசையில் ஒரு டைனமோ ரோச் நாலாகப் பிரிந்து கிடக்கிறது. கைப்பிடியை அமுக்க அமுக்கக் கிர் கிர் என்று சத்தம் போட்டு எரியுமே, திருவிழாக் கடைகளில் விற்பார்களே, அதேதான். உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் பற்சக்கரம் மூன்று, வளையக் காந்தம் ஒன்று, செம்புக் கம்பிச் சுருள் ஒன்று, சின்ன எல்.இ.டி. மூன்று. ஒரு சக்கரத்தில் இரண்டு பல் உடைந்திருக்கிறது. பக்கத்தில் இன்னொரு ரோச். குலுக்கினால் சார்ஜ் ஆகும் என்று பெட்டியில் எழுதி விற்றது. திறந்து பார்த்தால் சுருளுக்கும் விளக்குக்கும் நடுவில் வயரே இல்லை. அடியில் இரண்டு பொத்தான் பட்டரிகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. காந்தம் என்று உள்ளே ஓடித் திரிவது வெறும் இரும்புத் துண்டு.

முதலாவது ரோச் எங்கள் கூட்டத்து அம்மா ஒருவருடையது. திருகோணமலையிலிருந்து வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று நடந்து கதிர்காமம் போகிற பதினெட்டுப் பேரில் அவர்தான் மூத்தவர். போன வருடம் காட்டுக்குள் வியாழை என்ற இடத்தில் தங்கியபோது, பொழுது சாய்கிற நேரம் பற்றைப் பக்கம் போனவர் திரும்பவில்லை. அரோகரா, அரோகரா என்று நாலு திசையிலும் கத்தினோம். கச்சான் காற்று எங்கள் குரலையே எங்களிடம் கொண்டுவந்து போட்டது. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு ஒரு பாலை மரத்தடியில் கண்டோம். பாதையிலிருந்து முந்நூறு மீற்றர்கூட இருக்காது. விழுந்ததில் வலக்கை மணிக்கட்டு பிசகி வீங்கியிருந்தது. ரோச் மடியில் கிடந்தது.

"கை ஏலாது தம்பி, இதை எப்பிடி அமத்துறது?" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் எங்களில் மூன்று பேர் உட்கார்ந்தோம். சீனக்குடாப் பக்கம் போட் எஞ்சின் திருத்துகிற ஓர் அண்ணன், கோணேசபுரி வளாகத்தில் படிக்கிற ஒரு தம்பி, ரேடியோவும் டீவியும் திருத்தியே காலம் போன நான். தொலைந்தால் இருக்கிற இடத்தைச் சொல்கிற இடங்காட்டி, அடுத்த நடைக்கு முன் ஆளுக்கொன்று செய்ய வேண்டும். தம்பிக்கு ஒரே பிடிவாதம்: பட்டரி கூடாது, கருவி தன் மின்சாரத்தைத் தானே ஆக்க வேண்டும். எனக்கும் அதில்தான் ஆசை இருந்தது. ஒரு வருடக் கணக்கும் சோதனையும் எங்களை வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. நக்கிள்ஸ் ஏறுகிறவர்களுக்கும் சிவனொளிபாதமலை போகிறவர்களுக்கும் பயன்படும் என்று அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் காது

கருவிக்கு மின்சாரம் எங்கிருந்து என்று கேட்பதற்கு முன், அது கூப்பிட்டால் யார் கேட்பார் என்று கேட்க வேண்டும். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்து இரண்டு மாதத்தை வீணாக்கினோம்.

கையில் இருக்கிற போன் முதல் தெரிவு. பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இலக்கங்கள் எல்லோருக்கும் பாடம். ஆனால் உகந்தையைத் தாண்டிக் குமுக்கன் ஆற்றில் இறங்கினால் திரையில் ஒரு கோடுகூட நிற்காத இடங்கள்தான் அதிகம். 2022இல் ஐபோன் 14உடன் வந்த செய்மதி அவசர அழைப்பைச் சிலர் சொல்வார்கள். அந்தச் சேவை நடக்கிற நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை.

அடுத்தது பிஎல்பி என்று சுருக்கிச் சொல்கிற தனியாள் அவசர ஒலிபரப்பி. 406 மெகாஹேர்ட்ஸில் கூப்பிடும். கேட்பது கோஸ்பாஸ்-சார்சாட் என்கிற செய்மதிக் கூட்டமைப்பு. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், அன்றைய சோவியத் ஒன்றியம் நான்கும் பனிப்போரின் நடுவில் கூடிச் செய்த வேலை இது. 1982 செப்டெம்பரில் கனடாக் காட்டில் விழுந்த ஒரு சிறு விமானத்தில் இருந்த மூன்று பேரைக் கண்டுபிடித்ததுதான் அதன் முதல் மீட்பு. இன்று ஜிபிஎஸ், கலிலியோ செய்மதிகளும் இந்தக் காதுகளைச் சுமந்து திரிகின்றன. இலங்கை எல்லைக்குள் ஒரு கருவி அலறினால் செய்தி பெங்களூரில் உள்ள நிலையம் வழியாகக் கொழும்புக்கு வரும். மாதக் கட்டணம் கிடையாது. கருவிக்கு முந்நூறு, நானூறு டொலர் போகும். அதை வீட்டில் செய்யவும் முடியாது. இந்த 406இல் ஒலிபரப்பும் எந்தக் கருவியும் அந்த அமைப்பின் பரிசோதனையில் தேறி அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும். ஆசைக்குச் செய்து பார்க்கிற அலைவரிசை அல்ல அது. தவறுதலாக அழுத்தப்படுகிற கருவிகளோடு மீட்புக்காரர்கள் ஏற்கெனவே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு பிஎல்பிக்குள்ளும் ஒரு நாட்டின் குறியெண் எழுதப்பட்டிருக்கும், இலங்கையுடையது 417. கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற மச்சான் வாங்கி அனுப்பினால் அதில் அந்த நாட்டு எண்தான் இருக்கும். நீங்கள் யாலையில் அழுத்தினால் அங்கேயும் ஒரு மேசையில் மணி அடிக்கும். அந்த மேசைக்காரர் முதலில் தேடுவது, இந்தக் கருவி யார் பெயரில் பதிவு, யாருக்குப் போன் பண்ணுவது என்பதைத்தான். பதியாமல் விட்டால் அரைக் கருவி.

மூன்றாவது, குறுஞ்செய்தி அனுப்பும் செய்மதிக் கருவிகள். பூமிக்கு மேலே ஏறத்தாழ 780 கி.மீ உயரத்தில் சுற்றுகிற இரிடியத்தின் 66 செய்மதிகள் வழியாகப் பேசுகிறவை இவற்றில் பிரபலம். "கால் முறிந்துவிட்டது, தண்ணீர் இருக்கிறது" என்று எழுதி அனுப்பிப் பதிலும் வாங்கலாம். அந்தப் பதில் ஒன்றே பாதி மருந்து. ஆனால் மாதாமாதம் கட்டணம், அடிக்கடி சார்ஜ். பதினெட்டுப் பேருக்குக் கட்டாது. நம்மவர்கள் சபரிமலை, பழனி என்று போகும்போது இதைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டாம். அனுமதியில்லாத செய்மதிக் கருவியோடு இந்தியாவில் இறங்கிக் கைதான வெளிநாட்டவர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது லோரா. ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு வலுவில், மிக மெதுவாக, சின்னச் சின்னச் செய்திகளைத் தூரத்துக்குத் தள்ளுகிற வானொலி முறை. செய்மதியும் இல்லை, கோபுரமும் இல்லை. கேட்பது உங்கள் கூட்டத்திலேயே இன்னொருவர் கையில் இருக்கும் கருவி. உதிரிகள் இருபது, முப்பது டொலருக்குள் அடங்கும். இதையும் சும்மா பொருத்தி ஒலிபரப்ப முடியாது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டப்படி வானொலிக் கருவிக்கு அனுமதி வேண்டும். எந்த அலைவரிசையில் எவ்வளவு வலு என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு மொடியூலை ஓர்டர் பண்ணுங்கள். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கேட்பது சுங்கத்தில் காசைக் கொட்டுகிற வழி.

பனிச்சறுக்கு நாடுகளில் ரெக்கோ என்று ஒன்று உண்டு. உடுப்பில் தைத்த ஒரு சிறு தகடு. உள்ளே ஓர் அன்டெனாவும் ஒரு டயோடும் மட்டும். பட்டரியே கிடையாது. தேடுகிறவர் வீசும் அலை பட்டால் இரட்டிப்பு அதிர்வெண்ணில் திருப்பி அடிக்கும். 1973இல் சுவீடனில் நடந்த ஒரு பனிச்சரிவுக்குப் பிறகு பிறந்த யோசனை. தானே மின்சாரம் ஆக்கும் கருவி என்றால் என் கணக்கில் இதுதான் அழகு. தேடும் கருவி தோளில் இல்லாத காட்டில் அது ஒரு பொத்தான் மட்டும்.

அப்போதுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. பாலை மரத்தடியில் இருந்த அம்மாவைத் தேடியது பெங்களூரும் இல்லை, கொழும்பும் இல்லை. முந்நூறு மீற்றர் தள்ளி நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த நாங்கள்தான். பாதயாத்திரையில் காணாமல் போகிறவர்கள் பெரும்பாலும் கூப்பிடு தூரத்தில்தான் இருப்பார்கள். கூப்பிடத்தான் முடியாமல் போகும்.

ஒரு கூப்பாட்டின் விலை

இனிக் கணக்கு. சக்தியை ஜூலில் எண்ணுவோம். ஒரு வாட் ஒரு விநாடி எரிந்தால் ஒரு ஜூல்.

பிஎல்பி ஐந்து வாட் வலுவில் அரை விநாடி கத்தும். பிறகு ஐம்பது விநாடிக்குக் கிட்ட மூச்சு வாங்கும். ஐந்து வாட்டை அரை விநாடி வெளியே தள்ள, உள்ளே வீணாவதையும் சேர்த்து ஏழு ஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளில் 1,700 தடவைக்கு மேல் கத்த வேண்டும். பெருக்கினால் பன்னிரண்டாயிரம் ஜூல், அதாவது 3.4 வாட்-மணி. ஜிபிஎஸ், கிட்டே வந்தவர் மோப்பம் பிடிக்கிற 121.5 மெகாஹேர்ட்ஸ் சமிக்ஞை எல்லாம் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். பழைய கமெராக்களில் போடுவோமே, கட்டைவிரல் அளவு லித்தியம் பட்டரி, சிஆர்123? அதில் ஒன்றுக்கு 4.5 வாட்-மணி. இரண்டு போட்டால் ஒரு நாளைக்கு மேல் தாராளம். உறைகுளிரிலும் 24 மணி நேரம் கத்த வேண்டும் என்பது பிஎல்பிக்கான விதி. நம் காட்டில் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை.

அதே வேலையை அந்த அம்மாவின் ரோச்சால் செய்ய வேண்டுமென்றால்? அமுக்குகிற டைனமோ நல்லதாக இருந்தால் ஒரு வாட் தரும். ஒரு கூப்பாட்டுக்கு ஏழெட்டு விநாடி விடாமல் அமுக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கக் கூப்பிட, இழப்பையும் சேர்த்தால், ஐந்து மணி நேரம் அமுக்க வேண்டும். பிசகிய கையால்.

லோராவும் ஜிபிஎஸ்ஸும் வைத்து ஆளுக்கொன்று கட்டுகிற சின்னக் கருவியை வில்லை என்கிறோம். இந்த லோரா வில்லை பிஎல்பியைவிடச் சிக்கனம். ஜிபிஎஸ் அரை நிமிடம் விழித்து இடத்தைப் பிடிக்க மூன்று ஜூல், செய்தியை அனுப்ப ஒரு ஜூலுக்கும் குறைவு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் நாளொன்றுக்கு வாட்-மணியில் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கட்டைவிரல் பட்டரி ஒன்றே கணக்குப்படி இரண்டு வாரம் தாங்கும். கணக்கில் பாதியைக் காட்டுக்குக் கொடுத்துவிட்டாலும் ஒரு கிழமை.

இதற்குள் தம்பி இன்னொன்றையும் அளந்து வந்து காட்டினான். தலைவர் கையில் இருக்கப்போகிற கேட்கும் கருவி, திரையோடு சேர்த்து, 0.3 வாட் இழுக்கிறது. கூப்பிடுகிற கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பிவிட்டு நித்திரைக்குப் போகலாம். கேட்கிற கருவிக்கு அந்தச் சலுகை இல்லை. எவர் எப்போது கூப்பிடுவார் என்று தெரியாது. ஆகவே நாளொன்றுக்கு ஏழு வாட்-மணிக்கு மேல். கத்துகிறவரைவிடக் காது கொடுக்கிறவருக்கு இருபது மடங்கு சாப்பாடு! நான் நாற்பது வருடமாக ரேடியோ திருத்துகிறேன், ஒலிபரப்புகிறதுதான் எப்போதும் பெருந்தீனி என்று நினைத்திருந்தேன். ஐந்து வாட் வோக்கிடோக்கிக்கு அது சரி. இந்த நோஞ்சான் வானொலிக்குத் தலைகீழ்.

தானே ஆக்கும் வழிகள்

கைச்சுற்று டைனமோவுக்குப் பெரிய வரலாறே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கடலில் விழுந்த விமானிகளுக்காக அமெரிக்கர்கள் கிப்ஸன் கேர்ள் என்று ஒரு மஞ்சள் பெட்டி வைத்திருந்தார்கள். ஜெர்மன் கருவியைப் பார்த்துச் செய்தது. இடை சிறுத்த வடிவம். தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நிமிடத்துக்கு எண்பது சுற்று என்று கைப்பிடியைச் சுற்றினால், 500 கிலோஹேர்ட்ஸில் எஸ்ஓஎஸ் தானாகப் போகும். அன்டெனாவைப் பட்டத்தில் கட்டி மேலே ஏற்ற வேண்டும், அல்லது பலூனில். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாத் தளத்தையும் குண்டு போட்டுக் கலக்கிய அந்தக் காலத்துத் தொழில்நுட்பம் இது. அன்றைக்கு அது வேலை செய்ததற்கு இரண்டு காரணம். கப்பல்கள் எல்லாம் இரவுபகலாக 500இல் காது வைத்திருந்தன. சுற்றியது இருபது வயது விமானிகள். எங்கள் கூட்டத்தின் சராசரி வயதைச் சொன்னால் எனக்கே அடி விழும்.

இன்று ஐந்து வாட் வலு கைக்கடக்கமான சுற்று டைனமோவில் வந்துவிடும். பத்து விநாடி சுற்றினால் ஐம்பது ஜூல். மீகொள்ளளவி என்கிற சூப்பர் கெப்பாசிட்டரில் தேக்கினால் லோரா வில்லை எட்டுப் பத்துத் தடவை கூப்பிடும், அதாவது முக்கால் மணி நேரம். கெட்டுப்போகிற பட்டரியும் இல்லை. காகிதத்தில் அருமை. சுற்ற ஒரு அச்சு பெட்டிக்கு வெளியே வர வேண்டும், அச்சு வருகிற ஓட்டையால் தண்ணீரும் உப்பும் உள்ளே போகும். பற்சக்கரம் பிளாஸ்டிக் என்றால் என் மேசையில் கிடக்கிற கதைதான். எல்லாவற்றுக்கும் மேலே, சுற்றுகிறவருக்கு நினைவும் இரண்டு கையும் வேண்டும். தேவைப்படுகிற நேரத்தில் இல்லாமல் போகக்கூடியவை அவைதான்.

நடையில் மின்சாரம் எடுக்கிற சப்பாத்து இன்னொன்று. குதிகாலில் அழுத்தமின் தகடு வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் துளித்துளியாக வரும்; சில மில்லிவாட். தொலைந்தவரிடம் நாம் சொல்கிற முதல் விதியே "இருந்த இடத்தில் இரு" என்பது. இருந்தால் மின்சாரம் நின்றுவிடும். போதாக்குறைக்கு எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் வெறுங்கால். தம்பி இதைத் தன் விரிவுரையாளரிடம் சொன்னபோது அவர் சிரித்தாராம்.

உடற்சூட்டில் மின்சாரம் என்பதும் குளிர்நாட்டு யோசனை. வெப்பமின் தகட்டுக்கு ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிரும் வேண்டும், வித்தியாசம்தான் மின்சாரம். தோல் 34 பாகை, கச்சான் அடிக்கிற நாளில் காற்றும் 34 பாகை. வித்தியாசம் பூச்சியம். இரண்டு பாகையாவது தேறுமா என்று கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் நின்று பார்த்ததை விளையாட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புநீர் பட்டால் உயிர்க்கிற மக்னீசியம் மின்கலத்தை இப்படித் தள்ளிவிட முடியாது. உலர்ந்து கிடக்கிற வரை பல வருடம் கெடாது, கடலில் விழுந்தால் தானே தொடங்கும். உயிர்காப்பு அங்கிகளில் மினுங்குகிற விளக்குகளில் பல இப்படித்தான் எரிகின்றன. போட் எஞ்சின் அண்ணன் இதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மூதூர், கிண்ணியா, புல்மோட்டைக் கடற்றொழிலாளருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது என்பார், உண்மைதான். காட்டு வழியில் தொலைந்தவர் கையில் அரைப் போத்தல் தண்ணீர் இருந்தால் அதைக் கருவிக்கு ஊற்றுவாரா, குடிப்பாரா? சிறுநீர் போதும் என்று அண்ணன் விளக்கத் தொடங்கியதும் அம்மாமார் எழுந்து போய்விட்டார்கள்.

மிஞ்சுவது சூரியன். அடையாள அட்டை அளவு தகடு, உச்சி வெயிலில் காகிதக் கணக்குக்கு 0.9 வாட், கையில் பிடித்து நடக்கையில் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம். அடர்ந்த மரநிழலில் இருபது, முப்பது மில்லிவாட்டுக்கு இறங்கிவிடும். அதுகூட, எட்டு மணி நேரம் கிடைத்தால், லோரா வில்லையின் ஒரு நாள் தேவையில் பாதியிலிருந்து முக்கால்வாசி வரை. நேர்மையாகச் சொன்னால் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நின்றது. கொடியேற்றத்துக்கு முந்திய வாரங்களில் கூமுனைப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. இதே வில்லையைக் கார்த்திகை, மார்கழி அடைமழையில் திரியாய்க் காட்டுக்குக் கொண்டுபோனால் கதை வேறு.

சோலருக்கு நான் கொடுக்கிற மதிப்பெண் குறைந்தது வெயிலால் அல்ல. விழுந்தவர் கருவியின் மேல் விழுந்து கிடப்பார். அல்லது தகடு சேறு பூசி, சேலைத் தலைப்புக்குள் சுருண்டு கிடக்கும். அம்மா தொலைந்தது பொழுது சாய்ந்த பிறகு. இன்னொன்று, தகட்டோடு மீள்சார்ஜ் ஆகிற லித்தியம்-அயன் பட்டரி வேண்டும். அதை நிறைத்து வைத்து ஓட்டோ முன்தட்டில் ஒரு மாதம் வெயிலில் விட்டுப் பாருங்கள், கொள்ளளவு கரைந்துவிடும். வருடத்தில் பதினொரு மாதம் அலுமாரியில் தூங்கி ஒரு மாதம் மட்டும் வெளியே வருகிற கருவிக்கு அது சரிப்படாது. மீள்சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் பட்டரியோ வருடத்துக்கு நூறில் ஒரு பங்குக்கு மேல் இழக்காமல் பத்து வருடம் அப்படியே கிடக்கும்.

மணலிலும் பற்றையிலும்

அனுமதி கைக்கு வந்த பிறகு ஒரு வில்லையை உப்புவெளிக் கடற்கரையில் ஒரு கம்பில் கட்டி வைத்துவிட்டு, கேட்கும் கருவியோடு மணலோடு மணலாக நிலாவெளிப் பக்கம் நடந்தோம். ஆறு கி.மீ தாண்டியும் அறுக்கவில்லை. வெயில்தான் எங்களை நிறுத்தியது. அதே வில்லை கன்னியாவுக்கு அப்பால் முட்பற்றைக்குள் எழுநூறு மீற்றரில் தடுமாறியது. நானே அதைக் கீழே போட்டு அதன் மேல் குப்புறப் படுத்துப் பார்த்தேன். முந்நூறு. ஒரு மனித உடம்பு பாதித் தூரத்துக்கு மேல் குடித்துவிடுகிறது. (எறும்பு கடித்த கணக்கைச் சேர்க்கவில்லை.)

அந்தச் சோதனைக்குப் பிறகு வடிவம் மாறியது. நெஞ்சில் தொங்கவிடுகிற எண்ணத்தை விட்டுவிட்டு, உருத்திராட்ச மாலையின் பின்பக்கம், பிடரிக்குக் கீழே வருகிற மாதிரிக் கட்டுகிறோம். குப்புற விழுந்தால் அன்டெனா மேலே நிற்கும். மல்லாக்க விழுந்தால்? நூலை நீளமாக விட்டிருக்கிறோம், இழுத்துத் தோளுக்கு மேல் போட ஒரு கை போதும். பெட்டியில் ஓட்டையே இல்லை. உள்ளே ஒரு காந்தச் சுவிட்ச்; வெளியே நூலில் கட்டிய ஒரு சிறு காந்தம் ஒட்டிக்கொண்டிருக்கும். காந்தத்தைப் பிடுங்கினால் கருவி விழிக்கும். இடக்கையால் பிடுங்கலாம், பல்லாலும் பிடுங்கலாம். அண்ணன் எஞ்சினுக்குப் போடுகிற ஓ-ரிங்கையே மூடிக்கும் போட்டு, ஒரு இரவு முழுக்கக் கிணற்றில் இறக்கி வைத்தார். உள்ளே துளி ஈரம் இல்லை.

எடுத்த முடிவு

பதினெட்டுப் பேருக்கும் லோரா வில்லை, ஒவ்வொன்றிலும் மூடி அடைத்த ஒரு லித்தியம் பட்டரி. அதில் சோலர் இல்லை, டைனமோ இல்லை. ஐந்து வருடத்துக்கொருமுறை பட்டரியை மாற்றுவோம். திகதியை மூடியில் பெயின்டால் எழுதியிருக்கிறது.

தானே ஆக்குகிற மின்சாரம் தேடுகிறவரிடம் போகிறது. முன்னால் வேல் பிடித்து நடக்கிற சாமியின் பின்னால் வருகிற தம்பியின் முதுகுப் பையில் பத்து வாட் மடிப்புத் தகடு. வெயிலில் நடக்கிறவரும் அவர்தான், தகட்டைத் திருப்பிப் பிடிக்க இரண்டு கையும் நினைவும் உள்ளவரும் அவர்தான். பத்தில் பாதிதான் கிடைக்கிறது என்று வைத்தாலும் ஐந்து மணி நேர வெயிலில் 25 வாட்-மணி. கேட்கும் கருவிக்கு மூன்று நாள் சாப்பாடு. தம்பிக்கு இந்த முடிவில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. தன் சூரியத் தகட்டைத் தானே சுமக்க வேண்டும் என்றதும் அது இன்னும் கூடியது.

சோலர் இன்னும் பொருந்துகிற ஓர் இடம் உண்டு. உகந்தைப் பாறை மாதிரி உயரத்தில், செய்தியை வாங்கித் திருப்பி அனுப்புகிற ஓர் அஞ்சல் கருவியை நிரந்தரமாக வைத்தால், அது வெயிலைப் பார்த்தபடியே இருக்கும், தொலைந்து போகாது. அதற்குக் கோயிலிடமும் வனசீவராசிகள் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும். இந்த வருடம் இல்லை.

கூட்டத்துக்கு ஒரே ஒரு பிஎல்பி வாங்குகிறோம், ஆளுக்கு இருபது டொலர் அளவில் விழுகிறது. பாம்புக்கடி, யானை, கரடி, நெஞ்சுவலி: தேடிக் கண்டுபிடித்த பிறகும் நம்மால் தூக்கிக்கொண்டு போக முடியாத நிலைக்கு அது. தனியாகவோ இரண்டு பேராகவோ மலையேறுகிறவர்களுக்கு என் ஆலோசனை இதற்கு நேர்மாறு. லோரா வேண்டாம், கேட்க ஆள் இல்லை. பணம் முழுவதையும் பிஎல்பியில் போடுங்கள். மாதத்தில் பாதி நாள் காட்டில் இருக்கிற வழிகாட்டிகள் செய்மதிச் செய்திக் கருவியும் சின்னச் சூரியத் தகடும் வாங்கலாம். அவர்களுக்கு அந்தக் கட்டணம் தொழிற்செலவு.

விசில் ஆளுக்கொன்று. கழுத்தில், முன்பக்கம். மூச்சில் ஓடுகிற இயந்திரம் அது ஒன்றுதான், ரோச்சைவிட நம்பிக்கையானது. ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் அதன் மினுக்கம் போகிற தூரத்துக்கு என் லோரா எந்தக் காட்டிலும் போகாது.

போன ஞாயிறு வில்லையை அம்மாவிடம் கொண்டுபோனேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். காந்தத்தை ஒருமுறை பிடுங்கினார், கேட்கும் கருவி என் சட்டைப் பையில் கிணுகிணுத்தது. திரும்ப ஒட்டினார், நின்றது. "இது வெளிச்சம் தராதோ?" என்று கேட்டார். தராது என்றேன். அப்படியென்றால் என் ரோச் எங்கே என்றார்.

குலுக்குகிற ரோச்சின் பட்டரியையும் இரும்புத் துண்டையும் எறிந்துவிட்டேன். டைனமோ ரோச்சுக்கு இன்னொரு பழைய ரோச்சிலிருந்து பற்சக்கரம் எடுத்து வைத்திருக்கிறேன். இன்று பின்னேரம் பூட்ட வேண்டும். கைப்பிடி ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் இடக்கையாலும் அமுக்கலாம் போலத் தெரிகிறது.